கேஸ்கட் முதல் பெட்ஷீட் வரை: ஆன்லைனில் ஆர்டர் போடும் முன் எதை அளக்க வேண்டும்?

டிவி, ஃப்ரிட்ஜ், செல்போன் போன்றவற்றை ஆன்லைனில் வாங்குவதில் பெரிய சிக்கல் கிடையாது. மாடல் எண்ணைப் போட்டால் அதே பொருள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். படுத்தி எடுப்பதெல்லாம் நூறு, இருநூறு ரூபாய்ச் சாமான்கள்தான்: குக்கர் கேஸ்கட், குழாய் முனையில் திருகும் சல்லடை மூடியான ஏரேட்டர், ஃபேன் கன்டென்சர், குப்பைத்தொட்டிக்குக் கவர், கட்டிலுக்கு ஒரு பெட்ஷீட். தெருமுனைக் கடையில் பழையதைக் காட்டி "இதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்றால் முடிந்துவிடுகிற வேலை, ஆன்லைனில் திருப்பி அனுப்பி, மாற்றி வாங்கி, அதையும் திருப்பி அனுப்பி என்று வாரக்கணக்கில் இழுக்கிறது.

கடைக்காரர் பழைய சாமானைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே எது பொருந்தும் என்று சொல்லிவிடுவார். ஆன்லைனில் அந்த வேலை நம் தலையில் விழுகிறது, ஆனால் அதற்குத் தேவையான தகவல் அங்கே இருப்பதில்லை. விற்பவர் நிரப்பும் விவரத்தில் நிறம், எடை, பிராண்டு, மெட்டீரியல் எல்லாம் இருக்கும். பொருந்துமா பொருந்தாதா என்பதை முடிவு செய்கிற அந்த ஒரே ஓர் அளவு மட்டும் இருக்காது. நீளம், அகலம், உயரம் என்று போட்டிருந்தாலும் பல சமயம் அது அட்டைப்பெட்டியின் அளவுதான். தலைப்பில் "யுனிவர்சல்" என்றோ "எல்லா பிராண்டுக்கும் பொருந்தும்" என்றோ இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுவது நல்லது. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற கேஸ்கட்டோ மிக்ஸி ஜாரோ கிடையாது.

குக்கர் கேஸ்கட்டையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் "5 லிட்டர் குக்கர் கேஸ்கட்" என்றுதான் தேடுகிறார்கள். இங்கே லிட்டர் கணக்கு உதவாது. கேஸ்கட் உட்காருவது மூடியில், அதனால் மூடியின் விட்டம்தான் கணக்கு. ஒரே கம்பெனியின் 5 லிட்டரிலேயே உயரமான குக்கருக்கு ஒரு மூடி, அகலமான பான் குக்கருக்கு வேறொரு மூடி. அலுமினியத்திலிருந்து ஸ்டீலுக்குப் போனாலும் அளவு மாறலாம். அடுத்தது, மூடி உள்ளே போய் உட்காரும் வகையா, மேலே மூடும் வகையா என்பது. உள்மூடி குக்கரில் கேஸ்கட்டை மூடியின் விளிம்பைச் சுற்றி மாட்டுகிறோம், ஆகவே கேஸ்கட்டின் உள்விட்டம் முக்கியம். மேல்மூடி குக்கரில் அது மூடிக்குள் இருக்கும் பள்ளத்தில் உட்காருகிறது, அங்கே வெளிவிட்டம் முக்கியம்.

அளப்பதற்கு முன் பழைய கேஸ்கட்டை வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலும் ரப்பரிலேயே ஒரு பாகக் குறியீடு மேடாக வார்த்திருக்கும். எண்ணெயும் புளியும் ஏறி எழுத்து மறைந்திருந்தால், கேஸ்கட்டைக் காயவைத்து, அதன்மேல் கொஞ்சம் அரிசி மாவைத் தேய்த்து, ஈரமில்லாத துணியால் மேலாக ஒரு முறை துடையுங்கள். பள்ளத்தில் மாவு தங்கி எழுத்து வெள்ளைக்கு நடுவே கறுப்பாக எழும்பித் தெரியும். அந்தக் குறியீட்டையும் பிராண்டு பெயரையும் மட்டும் போட்டுத் தேடினால் போதும். குறியீடு இல்லையென்றால் குக்கரைக் கவிழ்த்து அடிப்பாகத்தில் குத்தியிருக்கும் மாடல் பெயரைப் பாருங்கள். அதுவும் தேய்ந்து போயிருந்தால்தான் இன்ச் டேப் எடுக்க வேண்டும். அப்போதும் பழைய கேஸ்கட்டை அளக்கக் கூடாது. பல மாதம் சூடுபட்ட ரப்பர் தளர்ந்து நீண்டிருக்கும், அல்லது இறுகிச் சுருங்கியிருக்கும். மூடியின் விளிம்பை அல்லது பள்ளத்தை அளந்து, மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

கேஸ்கட் கொஞ்சம் பெரிதாக வந்தால் பள்ளத்தில் அலை அலையாக எழும்பி நிற்கும், கைப்பிடியை முறுக்கித்தான் மூட முடியும். கொஞ்சம் சிறிதானால் விளிம்பில் ஆவி கசியும், விசில் வராது, தண்ணீர் வற்றி அடிப்பிடிக்கும். வந்தவுடன் கழுவாமல், அட்டையைக் கிழிக்காமல், உலர்ந்தபடியே மூடியில் வைத்துப் பாருங்கள். நெளியாமல் உட்கார்ந்தால் மட்டும் அடுத்த சோதனைக்குப் போகலாம்: இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, வெயிட் போடாமல் மூடி, பெரிய தீயில் வையுங்கள். நடுக்குழாயில் மட்டும் ஆவி நேராக எழும்ப வேண்டும். விளிம்பில் சொட்டினால் அளவு தப்பு.

விலை குறைந்த போலி கேஸ்கட் நான்கைந்து சேர்ந்த பேக்காக நிறையக் கிடைக்கிறது, அதைத் தொடவே வேண்டாம். குக்கரின் ரப்பர் கேஸ்கட்டுக்கு ஐஎஸ் 7466 என்று தனித் தரமே இருக்கிறது. குக்கருக்கு ஐஎஸ் 2347. வீட்டு உபயோக பிரஷர் குக்கருக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 பிப்ரவரி 1 முதல் கட்டாயம். அப்படியிருந்தும் முத்திரையில்லாத குக்கர்கள் பெரிய தளங்களில் விற்கப்பட்டு, 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லிப் பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் கொடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பெரிய தளத்தில் இருக்கிறது என்பதற்காகத் தரம் சோதிக்கப்பட்டது என்று அர்த்தமில்லை. ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் எண் இருக்கும். பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் என்ற அரசு செயலியில் அந்த எண்ணைப் போட்டால், லைசென்ஸ் யாருடையது, இப்போது செல்லுபடியாகிறதா என்று தெரிந்துவிடும். பொருள் கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

அடுத்தது குழாய்ச் சாமான். இங்கே அளந்து வாங்குகிறவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள். நம் வீடுகளில் சாதாரணமாக இருப்பது அரை இன்ச் குழாய், கடைகளிலும் தளங்களிலும் அதை 15 மி.மீ. என்பார்கள். ஆனால் அந்தக் குழாயின் மரைக்கு மேல் அளந்தால் ஏறக்குறைய 21 மி.மீ. வரும். அளந்தவர் "20 மி.மீ.தான் நெருக்கமாக இருக்கிறது" என்று 20 மி.மீ. உள்மரை சாக்கெட்டை ஆர்டர் போடுகிறார். 20 மி.மீ. என்பது முக்கால் இன்ச், அதன் மரை 26 மி.மீ.க்கும் கொஞ்சம் மேலே. வந்த பொருள் தொளதொளவென்று சுற்றும். அந்தக் காலத்து இரும்புப் பைப்பின் உள்துவாரத்தை வைத்துப் பெயரிட்ட அளவு அப்படியே நிலைத்துவிட்டதால் வந்த குழப்பம் இது. மரைக்கு மேல் 21 வந்தால் அரை இன்ச், 26 வந்தால் முக்கால் இன்ச், 33 வந்தால் ஒரு இன்ச். டெஃப்லான் டேப்பை எவ்வளவு சுற்றினாலும் தப்பான அளவு சரியாகாது. அது சரியான மரையில் இருக்கும் நூலிடைவெளியை அடைக்க மட்டும்தான்.

வாஷிங் மெஷின் ஹோஸின் நட்டு முக்கால் இன்ச், சுவரில் இருக்கும் குழாய் அரை இன்ச். நடுவில் அடாப்டர் ஒன்று வேண்டும். மெஷினோடு வராவிட்டால் அதைத்தான் தேட வேண்டும், புது ஹோஸை அல்ல. ஏரேட்டருக்கு ஒரே கேள்வி: குழாய் முனையில் மரை உள்பக்கம் இருக்கிறதா, வெளிப்பக்கம் இருக்கிறதா? உள்பக்கம் என்றால் பெரும்பாலும் 24 மி.மீ. வெளிமரை ஏரேட்டர், வெளிப்பக்கம் என்றால் 22 மி.மீ. உள்மரை ஏரேட்டர். பைப்பே வாங்குவதானால் இன்னும் கவனம் வேண்டும். வெந்நீருக்குப் போடும் க்ரீம் நிற சிபிவிசி அரை இன்ச்சின் வெளிவிட்டம் ஏறக்குறைய 16 மி.மீ., வெள்ளை யுபிவிசி அரை இன்ச்சுக்கு 21 மி.மீ.க்குச் சற்று மேல். இரண்டுமே "அரை இன்ச்" என்றே விற்கிறது. ஒன்றின் எல்போ மற்றதில் நுழையாது, பசையும் வேறு வேறு.

பித்தளைக் குழாய் என்று போட்டு குரோம் பூசிய பிளாஸ்டிக்கை அனுப்புவதும் நடக்கிறது. விவரத்தில் எடை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நூறு கிராம்கூட இல்லாத பிப் காக் பித்தளையாக இருக்க முடியாது.

பெட்ஷீட்டில் சிக்கல் இரண்டு: அளவு, துணி. "டபுள்", "குயின்", "கிங்" என்ற பெயர்களை நம்பாதீர்கள், ஒவ்வொரு விற்பனையாளருக்கும் அது வேறு. மெத்தையின் நீளம், அகலம் இரண்டோடு உயரத்தையும் அளக்க வேண்டும். பழைய இலவம்பஞ்சு மெத்தை நான்கு இன்ச் இருந்த இடத்தில் இப்போது எட்டு இன்ச் ஸ்ப்ரிங் மெத்தை இருக்கிறது. 78க்கு 72 இன்ச் மெத்தை, உயரம் 8 என்றால், அகலவாக்கில் மெத்தையை மூடவே 72உடன் இரண்டு பக்கமும் எட்டெட்டு சேர்த்து 88 இன்ச் துணி வேண்டும். நீளவாக்கில் 94. தளங்களில் அதிகம் கிடைக்கும் 90க்கு 100 விரிப்பைப் போட்டால் அகலத்தில் பக்கத்துக்கு ஒரே ஒரு இன்ச்தான் அடியில் செருகக் கிடைக்கும். ராத்திரி ஒருமுறை புரண்டு படுத்தால் வெளியே வந்துவிடும். 108க்கு 108 எடுத்தால் அகலத்தில் பக்கத்துக்குப் பத்து இன்ச், நீளத்தில் ஏழு இன்ச் செருகலாம். பருத்தி முதல் சலவையிலேயே நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். 108 இருந்தது 103 ஆனாலும் சமாளிக்கலாம், 90 இருந்தது 86 ஆனால் அந்தக் கட்டிலுக்கு ஆகாது. எலாஸ்டிக் வைத்த விரிப்பென்றால் அதன் ஆழம் மெத்தை உயரத்தைவிட இரண்டு இன்ச்சாவது கூட இருக்கட்டும்.

துணி விஷயத்தில் "கிளேஸ் காட்டன்" என்ற பெயரைப் பார்த்தால் உஷாராகுங்கள். அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பகுதி பாலியெஸ்டர் மைக்ரோஃபைபர். "காட்டன் ஃபீல்", "காட்டன் டச்" என்பவையும் அப்படியே. நம் ஊர் வெயிலுக்கு அதில் படுத்தால் முதுகு வியர்த்து ஒட்டும். ஆர்டர் போடும் முன்பே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, அதுவும் எடைதான். 108க்கு 108 இன்ச் விரிப்பு ஏழரை சதுர மீட்டர். சாதாரணப் பருத்தி விரிப்புத் துணி பொதுவாக சதுர மீட்டருக்கு 110, 120 கிராம் வரும், ஆகவே தலையணை உறை சேர்க்காமலே 800 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும். உறைகளோடு சேர்த்து மொத்தமே 500 கிராம் என்று போட்டிருந்தால் அது பருத்தி விரிப்பாக இருக்க வாய்ப்பில்லை. வந்த பிறகு சோதிக்க, ஓரத்தில் தொங்கும் நூல் ஒன்றை உருவி இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான சின்ன மணியாகிவிடும். சாம்பலும் மணியும் கலந்து வந்தால் இரண்டும் கலந்த துணி.

குப்பைக் கவருக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். தொட்டி வாயின் சுற்றளவில் பாதியைவிடக் கவரின் அகலம் கூட இருக்க வேண்டும். பத்து இன்ச் வாய் என்றால் சுற்றளவு 31 இன்ச் சொச்சம், பாதி 16. அகலத்துக்கு 17க்கு 19 கவர் போதும். ஆனால் தொட்டி 12 இன்ச் உயரம் என்றால் உயரம் 12, அடிப்பாகத்துக்குப் பாதி விட்டம் 5, வெளியே மடிக்க 3, ஆகமொத்தம் 20 இன்ச். அதனால் 19க்கு 21தான் வாங்க வேண்டும். "ஸ்மால்", "மீடியம்" என்ற வார்த்தைகளை விட்டுவிட்டு இன்ச்சைப் பாருங்கள்.

மின்சாரச் சாமான்களில் தப்பு நடந்தால் காசோடு போகாது. சீலிங் ஃபேன் கன்டென்சர் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், சிலவற்றில் 3.15. பழையதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணையே வாங்க வேண்டும், வோல்டேஜ் 440 இருக்க வேண்டும். வேகமாகச் சுற்றட்டும் என்று 4 மைக்ரோஃபாரட் போட்டால் ஃபேன் மோட்டாரின் கம்பிச்சுருள் சூடாகும். மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி வகை ஃபேனில் இந்தக் கன்டென்சரே கிடையாது. பல்பு வாங்கும்போது நம் வீட்டுப் பின் ஹோல்டர் பி22, மரை ஹோல்டர் இ27. வாட்டை மட்டும் பார்க்காமல் வெளிச்சத்தைச் சொல்லும் லூமென் எவ்வளவு, நிறம் 6500 கெல்வினா (வெள்ளை) 3000 கெல்வினா (மஞ்சள்) என்றும் பாருங்கள். எல்இடி பல்புக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம், ஆர் என்று தொடங்கும் பதிவு எண் பல்பிலோ அட்டையிலோ இருக்க வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் போர்டில் "10 ஆம்ப், 2500 வாட்" என்று பெரிதாகப் போட்டு, முனையில் 6 ஆம்ப் பிளக் மாட்டியிருப்பார்கள். 230 வோல்ட்டில் 6 ஆம்ப் என்றால் 1380 வாட்தான். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3 ஆம்ப் இழுக்கும், சமாளிக்கும். 1500 வாட் கெட்டில் 6.5, 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 8.7. இவற்றை அந்தப் போர்டில் சொருகவே கூடாது. இவற்றுக்கு 16 ஆம்ப் பிளக்கும் 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயரும் உள்ள போர்டு வேண்டும். ஒயரின் தடிமனைப் பக்கத்தில் போடாதவரிடம் வாங்க வேண்டாம்.

ரிவ்யூ படிப்பதிலும் முறை இருக்கிறது. ஒரே பக்கத்தில் பல அளவுகளைச் சேர்த்து விற்கும்போது எல்லா அளவின் ரிவ்யூவும் ஒன்றாகக் கலந்துவிடும். 3 லிட்டர் கேஸ்கட் வாங்கியவர் கொடுத்த ஐந்து நட்சத்திரம் நமக்கு வேண்டிய அளவுக்குச் சேராது. ஒவ்வொரு ரிவ்யூவின் மேலேயும் அவர் வாங்கிய அளவு சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் பார்த்துவிட்டுப் படியுங்கள். இரண்டு, மூன்று நட்சத்திர ரிவ்யூக்களில்தான் அளவு பற்றிய புகார் இருக்கும். வாங்கியவர் எடுத்த படத்தில் கையோ ஸ்பூனோ பக்கத்தில் இருந்தால் உண்மையான அளவு தெரிந்துவிடும். பழைய ரிவ்யூக்கள் வேறு ஏதோ சாமானைப் பற்றி இருந்தால், அது ரிவ்யூ சேர்ந்த பழைய பக்கத்தில் புதுப் பொருளை ஏற்றியது. வெளியே வந்துவிடுங்கள்.

விலையைப் பார்க்கும்போது அடித்துக் காட்டியிருக்கும் எம்ஆர்பியை மறந்துவிடுங்கள். டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு துண்டு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பாருங்கள். ஐம்பது ரூபாய்க் கன்டென்சர் தனியாகப் போனால் கட்டாது என்பதால்தான் ஐந்து சேர்த்து விற்கிறார்கள், நமக்கு வேண்டியது ஒன்று. பணம் கட்டும் பக்கத்தில் நன்கொடை, டிப்ஸ், பாதுகாப்புத் திட்டம் என்று நாம் கேட்காதது எதுவும் டிக் ஆகியிருக்கிறதா என்று கடைசியாக ஒரு முறை பாருங்கள். கேட்காததைக் கூடையில் போடுவது, "இன்னும் ஒன்றுதான் மிச்சம்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கடைசிப் படியில் கட்டணம் கூட்டுவது உட்பட 13 தந்திரங்களை 2023 நவம்பர் 30 தேதியிட்ட மத்திய அரசு வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது.

திருப்பி அனுப்பும் விதியைப் பொருள் வந்த பிறகு படித்துப் பயனில்லை. "ரிட்டர்ன்" வேறு, "ரீப்ளேஸ்மென்ட்" வேறு. இரண்டாவது மட்டும் என்றால் அளவு சேராத கேஸ்கட்டுக்குப் பதில் அதே சேராத கேஸ்கட் மறுபடி வரும், பணம் வராது. உங்கள் பின்கோடில் திரும்ப எடுத்துக்கொள்ள ஆள் வருவார்களா என்றும் பாருங்கள். சிற்றூர்களில் டெலிவரி இருக்கும், பிக்கப் இருக்காது. பார்சலைப் பிரிக்கும்போது முகவரி லேபிளிலிருந்து தொடங்கி நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். பாக்கெட்டில் உள்ள தயாரிப்பாளர் பெயர், எம்ஆர்பி, அளவு, எந்த நாட்டுத் தயாரிப்பு ஆகியவற்றைத் தனியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடையளவுச் சட்டத்தின் 2011 பொட்டல விதிகளின்படி இவை பாக்கெட்டிலும் வேண்டும், தளத்தின் பக்கத்திலும் வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் "பிடிக்கவில்லை" என்று ரிட்டர்ன் போடாமல், "காட்டியது வேறு, வந்தது வேறு" என்று காரணம் குறியுங்கள். ஆர்டர் போட்ட அன்றே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால்தான் இது நிற்கும், பிறகு விவரத்தை மாற்றிவிட வாய்ப்புண்டு.

சாட்டில் பதில் சொல்பவரோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒவ்வொரு தளமும் குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். அங்கே எழுதுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், செலவில்லை. நூற்றைம்பது ரூபாய்க்கு இது தேவையா என்று யோசித்து விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், அதை நம்பித்தான் இந்தச் சாமான்கள் இப்படி விற்கின்றன. அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி, 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

சிலவற்றை ஆன்லைனில் வாங்கவே வேண்டாம். கேஸ் டியூப் உங்கள் சிலிண்டர் ஏஜென்சியிலேயே கிடைக்கும். அதில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பார்த்து ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். குக்கரின் சேஃப்டி வால்வை அந்தந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மட்டும் வாங்குங்கள். உருக வேண்டிய சூட்டில் உருகாத போலி வால்வு வந்து சேர்ந்தால் அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஜாரை மோட்டாரோடு இணைக்கும் பல்வைத்த துண்டான மிக்ஸி கப்ளருக்கு ஜாரையே எடுத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போங்கள். பல்லின் எண்ணிக்கை, உயரம், மரை மூன்றும் சேர வேண்டும், படத்தில் இந்த மூன்றும் தெரியாது. நீங்களே கழற்றிப் பார்ப்பதானால், மோட்டார் சுற்றும்போது இறுகிக்கொள்ளும்படிதான் மரை வெட்டியிருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். பல மிக்ஸிகளில் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் பலம் கொடுத்தால் பல் உடைந்து தண்டு வளைந்துவிடும், பிறகு கப்ளரோடு போக வேண்டிய செலவு மோட்டார் வரை போய் நிற்கும்.